கஅப் இப்னு மாலிக்கின் ஐம்பது நாள்



ஷஅபான் மாதம் பிறந்தது முதல் என் கைப்பேசிக்கு ஓய்வில்லை. தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழைகளைப் பொறுத்தருள வேண்டும், நோன்பு மாதம் நெருங்குகிறது என்னும் பொருள்படும் செய்திகள் புலனத்தில் வந்தவண்ணம் இருக்கின்றன. பிறை வரைந்த படம், பூ வரைந்த படம், பின்னணியில் ஒரு பள்ளிவாசல். முன்பு இவை குறுஞ்செய்திகளாக வந்தன. அதற்கும் முன்பு, என் சிறு வயதில், பெரியவர்கள் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். என் உம்மா ஒரு முறை, வேலியோரத்து முருங்கை மரத்தால் வந்த சண்டைக்காகப் பக்கத்து வீட்டு மாமியிடம் போய் மன்னிப்புக் கேட்டதும், அந்த மாமி ஒரு கட்டு முருங்கைக் கீரையைக் கொடுத்தனுப்பியதும் நன்றாக நினைவிருக்கின்றன. இப்போது வரும் செய்திகளில் முருங்கை மரம் இருப்பதில்லை. எந்தப் பிழை என்று யாரும் எழுதுவதில்லை. நானும் எழுதுவதில்லை, வந்த படத்தையே பலருக்கு அனுப்பிவிடுகிறேன்.

அப்படி நான் அனுப்பிய படம் ஒன்று என் சக ஆசிரியர் ஒருவருக்கும் போய்விட்டது. அவர் இந்து சமயத்தவர். மறுநாள் ஆசிரியர் அறையில், "நீங்கள் எனக்கு என்ன பிழை செய்தீர்கள்? சொன்னால்தானே நான் மன்னிக்க முடியும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு, நோன்புக்கு முன்னால் இப்படி மன்னிப்புக் கேட்பது உங்கள் மார்க்கத்தில் கடமையா என்றும் கேட்டார். அன்று அவருக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். முறையான பதிலாக ஒரு வரலாற்றைச் சொல்லியிருக்க வேண்டும். அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பொருள். மனம் வருந்தித் திருந்துவதை இஸ்லாத்தில் 'தவ்பா' என்பர். 'தாப' என்னும் அரபு வினையிலிருந்து வந்தது. திரும்புதல் என்பது அதன் பொருள். வழி தவறிப் போனவன் திரும்பி வருகிறான். இதில் எம்போன்ற மொழியாசிரியர்களுக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. குர்ஆனில் இவ்வினை மனிதனுக்கும் வருகிறது, இறைவனுக்கும் வருகிறது. மனிதன் திரும்பும்போது 'இலா' என்னும் இடைச்சொல் சேரும். 'அவனிடத்து' என்பது போன்ற பொருள். இறைவன் திரும்பும்போது 'அலா' சேரும்; 'மேல்' என்று பொருள்படும். நம் வேற்றுமை உருபுகளைப்போலவே, வினை ஒன்றாயிருக்க, ஒட்டி வரும் சிறு சொல்லே யார் யாரை நோக்கித் திரும்புகிறார் என்பதைக் காட்டிவிடுகிறது.

தவ்பாவுக்கென்று தனியாக ஒரு மாதம் இல்லை. எந்த நாளும் செய்யலாம். ஆயினும் ரமலானுக்கு முந்தைய ஷஅபான், கணக்கைச் சரிசெய்யும் மாதமாகவே நம் மக்களிடையே வழங்கி வருகிறது. நபிகள் நாயகத்தின் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்கள், முந்தைய ரமலானில் விடுபட்ட நோன்புகளை ஷஅபானில் நோற்று முடிப்பார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. ஷஅபான் பதினைந்தாம் இரவைத் தமிழ் முஸ்லிம்கள் பராஅத் இரவு என்பர். மலாய் மக்கள் நிஸ்ஃபு ஷஅபான் என்பர். அன்று பள்ளிவாசல்களில் யாசீன் அத்தியாயத்தை மூன்று முறை ஓதித் துஆ கேட்பது இங்கே பரவலான வழக்கம். அதற்கு ஆதாரம் உண்டா இல்லையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நான் அதற்குள் நுழையப் போவதில்லை.

டமாஸ்கஸில் வாழ்ந்து 1277-இல் மறைந்த இமாம் நவவி, தம் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் தவ்பாவுக்கு உரிய நிபந்தனைகளை வகுத்துள்ளார். செய்த பாவத்தை விட்டுவிட வேண்டும்; அதற்காக வருந்த வேண்டும்; மீண்டும் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். பாவம் இன்னொரு மனிதருக்கு இழைத்த தீங்காக இருப்பின் நான்காவதாக ஒன்றும் வேண்டும். பறித்த உரிமையை அவரிடமே திருப்பித் தர வேண்டும். இயலாவிட்டால் அவரிடமே மன்னிப்புப் பெற வேண்டும். என் சக ஆசிரியரின் முதல் கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. அதே அத்தியாயத்தில் இமாம் நவவி எடுத்துத் தந்திருக்கும் நீண்ட வரலாறுதான் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுடையது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெரும் ஹதீஸ் தொகுப்புகளிலும் அது இடம்பெற்றுள்ளது.

ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 630. ரோமப் பேரரசு வடக்கே படை திரட்டுகிறது என்னும் செய்தி மதீனாவுக்கு எட்டியது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தபூக்கை நோக்கிப் புறப்பட ஆணையிட்டார்கள். மதீனாவிலிருந்து தபூக் ஏறத்தாழ 700 கிலோமீட்டர். கடும் வெயில், இடையில் பாலைநிலம். வழக்கமாகப் படையெடுப்பின்போது எங்கே போகிறோம் என்பதை நபிகளார் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இம்முறை தொலைவும் துன்பமும் மிகுதி என்பதால் மக்கள் ஆயத்தமாகட்டும் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். ஏறத்தாழ 30,000 பேர் திரண்டனர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அப்படைக்கு 'துன்பப் படை' என்றே ஒரு பெயர் உண்டு.

ரஜப் மாதம் புறப்பட்டு ரமலானில் திரும்பினார்கள் என்பது வரலாற்று நூல்கள் தரும் கணக்கு. அப்படியானால் இடையில் வந்தது ஷஅபான். நாம் இப்போது நோன்புக்கு ஆயத்தமாகும் இதே நாள்களில்தான் கஅப் மதீனாவில் சும்மா இருந்திருக்கிறார்.

கஅப் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் மதீனாவைச் சேர்ந்த அன்ஸாரி. கஸ்ரஜ் குலத்தின் பனூ ஸலிமா கிளையினர். ஹிஜ்ரத்துக்கு முன்பே அகபாவில் நபிகளாரின் கரம் பற்றி உறுதிமொழி அளித்தவர்களுள் ஒருவர். ஹஸ்ஸான் இப்னு ஸாபித், அப்துல்லாஹ் இப்னு ரவாஹா ஆகியோரோடு சேர்த்து எண்ணப்படும் கவிஞர். எனவே சொல்லுக்குப் பஞ்சமில்லாதவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர் ஏன் போகவில்லை? காரணமே இல்லை என்பதுதான் இந்த வரலாற்றின் சிறப்பு. நோயில்லை, வறுமையில்லை. அதுவரை இல்லாத அளவுக்கு அப்போது தம் உடலில் வலிமையும் கையில் வசதியும் இருந்தன, தம்மிடம் ஒரே நேரத்தில் இரண்டு ஒட்டகங்கள் இருந்ததும் அப்போதுதான் என்று அவரே கூறுகிறார். பழங்கள் கனிந்திருந்தன, நிழல் இனிமையாக இருந்தது. பயணத்துக்கு வேண்டியதைச் சேகரிக்கலாம் என்று காலையில் வெளியே போவார். ஒன்றும் செய்யாமல் திரும்புவார். நினைத்தால் முடியும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொள்வார். நாளும் போயிற்று, படையும் போயிற்று. ஓரிரு நாளில் ஆயத்தமாகி எட்டிப் பிடித்துவிடலாம் என்று எண்ணினார். அதுவும் நடக்கவில்லை. பள்ளி விடுமுறையில் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். அச்சு மாறாமல் இதையே சொல்வான்.

இன்னொரு சிறு செய்தியையும் அவர் குறிப்பிடுகிறார். இத்தனை பேர் போன படையில் யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதிவைக்கும் பதிவேடு இல்லை. வராமல் இருப்பவன், இறைவனே அறிவித்தாலொழியத் தான் வராதது வெளியே தெரியாது என்று எண்ணிக்கொள்ள முடியும். நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் குறியிடும் நமக்கு இந்த ஒரு வரி போதும், அது எவ்வளவு பெரிய சோதனை என்று புரிந்துகொள்ள.

படை போன பிறகு வீதியில் நடந்தால் அவர் கண்ணில் பட்டவர்கள் இரண்டே வகையினர்: நயவஞ்சகர் என்று பெயர் வாங்கியவர்கள், நோயாலும் முதுமையாலும் விலக்குப் பெற்றவர்கள். தாம் இவர்களுள் எந்த வகை என்று நினைத்து அவர் வேதனையுற்றார். தபூக்கில் நபிகளார், கஅப் எங்கே என்று விசாரித்தார்கள். அவருடைய குலத்தவர் ஒருவரே, மேலாடையும் தன் அழகைப் பார்த்துக்கொள்வதும் அவரைத் தடுத்துவிட்டன என்று குத்தலாகச் சொன்னார். முஆத் இப்னு ஜபல் (ரலி) உடனே மறுத்தார்: தவறாகச் சொன்னீர், நாங்கள் அவரிடம் நன்மையைத் தவிர வேறெதையும் அறியோம் என்றார். ஆளில்லாத இடத்தில் ஒருவருக்காகப் பேசிய முஆதின் குரல் இந்த வரலாற்றில் ஓரிடத்தில்தான் வருகிறது. ஆனால் பின்னாளில் கஅப் தம் கதையைச் சொல்லும்போது அதை விடாமல் சொன்னார்.

தபூக்கில் போர் நடக்கவில்லை. படை திரும்புகிறது என்று கேள்விப்பட்டதும் கஅப் பொய்களைத் தேடத் தொடங்கினார். எப்படித் தப்புவது என்று வீட்டாரில் அறிவுள்ளவர்களிடம் யோசனையும் கேட்டார். நபிகளார் ஊரை நெருங்கிவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது அந்தப் பொய்கள் எல்லாம் உள்ளத்தைவிட்டு அகன்றன. உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்தார்.

நபிகளார் ஒரு காலைப் பொழுதில் வந்து சேர்ந்தார்கள். வழக்கப்படி முதலில் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு மக்களுக்காக அமர்ந்தார்கள். போகாமல் தங்கியவர்கள் வரிசையாக வந்தனர். எண்பதுக்கும் மேற்பட்டோர். ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொல்லிச் சத்தியமும் செய்தனர். நபிகளார் வெளியே சொன்னதை ஏற்றுக்கொண்டு, அவர்களுக்காக இறைவனிடம் மன்னிப்பும் வேண்டி, உள்ளத்தில் இருப்பதை இறைவனிடம் விட்டுவிட்டார்கள். பிறகு கஅப் வந்து ஸலாம் சொன்னார். சினமுற்றவர் புன்னகைப்பதுபோல் நபிகளார் புன்னகைத்தார்கள். ஏன் வரவில்லை, வாகனம் வாங்கியிருந்தீரே என்று கேட்டார்கள்.

கஅபின் பதிலைச் சுருக்கித் தருகிறேன். உலகில் வேறு யார் முன்னிலையில் அமர்ந்திருந்தாலும் ஏதாவது சொல்லி அந்தச் சினத்திலிருந்து தப்பியிருப்பேன், எனக்குச் சொல்வன்மை தரப்பட்டிருக்கிறது. ஆனால் இன்று பொய் சொல்லித் தங்களை மகிழ்வித்தால் நாளை இறைவன் தங்களை என்மீது சினமுறச் செய்வான். உண்மை சொன்னால் தாங்கள் சினந்தாலும் இறைவன் மன்னிப்பான் என்னும் நம்பிக்கை உண்டு. எனக்கு எந்தக் காரணமும் இல்லை. இதுதான் அவர் சொன்னது. கவிஞர் தம் கருவியைக் கீழே வைத்துவிட்டார். இவர் உண்மை பேசிவிட்டார் என்று நபிகளார் கூறி, இறைவன் தீர்ப்பளிக்கும்வரை எழுந்து செல்லுமாறு பணித்தார்கள்.

வெளியே வந்தால் சொந்தக் குலத்தார் சூழ்ந்துகொண்டு ஏசினர். மற்றவர்களைப்போல நீயும் ஏதாவது சொல்லியிருக்கலாமே, நபிகளார் உனக்காக மன்னிப்பு வேண்டியிருப்பார்களே, அது போதாதா என்றனர். அவர்கள் விடாமல் நச்சரித்ததில், திரும்பிப் போய் முன்சொன்னதை மறுத்துவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியதாம். பெற்றோர்கள் இந்த இடத்தில் சற்று நின்று படிக்க வேண்டும். உண்மை சொன்னவரை அசைத்துப் பார்த்தவர்கள் பகைவர்கள் அல்லர். அவர்மேல் அன்பு கொண்ட உறவினர்கள். என்னைப்போலவே சொன்னவர் வேறு எவரேனும் உண்டா என்று கேட்டார். முராரா இப்னு ரபீஉ, ஹிலால் இப்னு உமய்யா என்று இருவர் பெயரைச் சொன்னார்கள். இருவரும் நல்லவர்கள், பத்ரில் கலந்துகொண்டவர்கள் என்று கஅப் கூறுகிறார். அவ்விருவர் பெயரைக் கேட்ட பிறகே அவர் மனம் நிலைத்தது.

அதன்பின் அந்த மூவருடனும் யாரும் பேசக்கூடாது என்று தடை வந்தது. காரணம் சொன்ன எண்பது பேர் வழக்கம்போல் நடமாட, உண்மை சொன்ன மூவர் ஊரில் இருந்தும் ஊர் இல்லாதவர்கள் ஆயினர். முராராவும் ஹிலாலும் வீட்டுக்குள் அடங்கி அழுதுகொண்டிருந்தனர். கஅப் மூவரில் இளையவர், மனவலிமை மிக்கவர். தொழுகைக்கு வந்தார், கடைவீதியிலும் நடந்தார். எவரும் பேசவில்லை. தொழுகைக்குப் பின் நபிகளாருக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பதில் சொல்ல உதடு அசைந்ததா என்று உற்றுப் பார்ப்பார். அருகே நின்று தொழுதுகொண்டே கடைக்கண்ணால் பார்ப்பார். அவர் தொழுகையில் மூழ்கியிருக்கும்போது நபிகளார் அவரைப் பார்ப்பார்கள். அவர் திரும்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஒரு நாள் தாளமுடியாமல், தம் ஒன்றுவிட்ட சகோதரரும் உயிர் நண்பருமான அபூ கதாதாவின் தோட்டத்துச் சுவரேறிக் குதித்தார். ஸலாம் சொன்னார், பதிலில்லை. நான் இறைவனையும் அவன் தூதரையும் நேசிப்பது உமக்குத் தெரியாதா என்று இறைவன் பெயரால் கேட்டார். பதிலில்லை. மீண்டும் கேட்டார், அப்போதும் இல்லை. மூன்றாம் முறை, இறைவனும் தூதருமே நன்கறிவர் என்று மட்டும் அபூ கதாதா சொன்னார். கஅபின் கண்கள் நிறைந்தன. வந்த சுவரிலேயே ஏறித் திரும்பிவிட்டார்.

அதே நாள்களில் சிரியாவிலிருந்து தானியம் விற்க வந்த ஒருவன் கடைவீதியில் அவரைத் தேடிவந்து ஒரு கடிதம் கொடுத்தான். கஸ்ஸான் மன்னனுடைய கடிதம். ரோமர்களின் நட்பில் இருந்த அரபு அரசு அது. உம் தலைவர் உம்மைக் கடுமையாக நடத்துவதாகக் கேள்விப்பட்டோம், எம்மிடம் வந்துவிடும், ஆதரவு தருகிறோம் என்று எழுதியிருந்தது. ஊரே கைவிட்டவனுக்கு ஓர் அரசன் கதவைத் திறக்கிறான். இதுவும் ஒரு சோதனைதான் என்று கஅப் அதை அடுப்பில் இட்டு எரித்துவிட்டார்.

நாற்பது நாள் கழிந்தபோது, மனைவியிடமிருந்தும் விலகியிருக்குமாறு ஆணை வந்தது. மணவிலக்கா என்று கேட்டார். இல்லை, விலகியிருந்தால் போதும் என்றார்கள். மனைவியை அவருடைய பெற்றோர் வீட்டுக்கு அனுப்பினார். ஹிலால் முதியவர், பணியாள் இல்லை. அவருடைய மனைவி வந்து கேட்டுப் பணிவிடை செய்ய அனுமதி பெற்றார். நீங்களும் அப்படிக் கேட்கலாமே என்று வீட்டார் சிலர் கஅபிடம் சொன்னார்கள். நான் இளைஞன், எப்படிக் கேட்பேன் என்று மறுத்துவிட்டார். இன்னும் பத்து இரவுகள் சென்றன.

ஐம்பதாம் நாள் வைகறைத் தொழுகையை முடித்துவிட்டுத் தம் வீட்டுக் கூரைமேல் அமர்ந்திருந்தார். மதீனாப் பள்ளிவாசலுக்கு அருகில் உள்ள ஸல்உ குன்றின்மேல் ஏறி நின்று ஒருவர் உரத்த குரலில் அழைத்தார். நற்செய்தி என்று கூவினார். கஅப் அங்கேயே ஸுஜூதில் விழுந்தார். செய்தியோடு ஒருவர் குதிரையிலும் பாய்ந்து வந்துகொண்டிருந்தார். ஆனால் குதிரையைவிடக் குரல் விரைவாக வந்துவிட்டது என்கிறார் கஅப். குரல் கொடுத்தவர் நேரில் வந்தபோது தம் இரண்டு ஆடைகளையும் கழற்றி அவருக்குப் பரிசாக அணிவித்தார். வேறு உடை அப்போது இல்லை. இரண்டு ஆடைகளை இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். வழியெல்லாம் கூட்டம் கூட்டமாக வாழ்த்தினர். உள்ளே நுழைந்ததும் தல்ஹா இப்னு உபைதுல்லாஹ் (ரலி) எழுந்து ஓடிவந்து கைகொடுத்தார். முஹாஜிர்களில் எழுந்து வந்தவர் அவர் ஒருவரே. அதைக் கஅப் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. நபிகளாரின் முகம் நிலவின் ஒரு துண்டுபோல் ஒளிர்ந்தது.

குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்துக்குத் 'தவ்பா' என்றே பெயர். அதன் 118-ஆம் வசனம் இந்த மூவரைப் பற்றியது. பரந்த பூமி அவர்களுக்கு எப்படிச் சுருங்கிப் போயிற்று என்பதைச் சொல்லிவிட்டு, அவர்கள் திரும்பி வரும்பொருட்டு இறைவன் அவர்கள்மேல் திரும்பினான் என்னும் கருத்தைத் தருகிறது. முன்னே சொன்ன அந்த வினை இங்கே இருமுறை வருகிறது: முதலில் 'மேல்' என்னும் சொல்லோடு இறைவனுக்கு, பிறகே மனிதர்களுக்கு. சத்தியம் செய்து தப்பியவர்களைப் பற்றியும் அதே அத்தியாயம் பேசுகிறது. அச்சொற்கள் மிகக் கடுமையானவை.

மகிழ்ச்சிப் பெருக்கில் கஅப், தம் செல்வம் முழுவதையும் அறமாகத் தந்துவிடுவதாகச் சொன்னார். சிறிது வைத்துக்கொள்ளும், அதுவே உமக்கு நல்லது என்று நபிகளார் தடுத்தார்கள். அப்போது, உண்மையே என்னைக் காப்பாற்றியது, உயிருள்ளவரை உண்மை தவிர வேறு பேசமாட்டேன் என்று அவர் உறுதியளித்தார். பொய் பேச்சை விடாதவன் உண்ணாமலும் பருகாமலும் இருப்பது இறைவனுக்குத் தேவையில்லை என்னும் பொருளில் நோன்பைப் பற்றி ஒரு நபிமொழி உண்டு. நோன்புக்கு முன் கேட்க வேண்டிய மன்னிப்பு எத்தகையது என்று யாரேனும் கேட்டால், இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன்.

இந்த வரலாறு நமக்கு எப்படிக் கிடைத்தது என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. முதுமையில் கஅபுக்குப் பார்வை போய்விட்டது. மகன் அப்துல்லாஹ்தான் கைபிடித்து அழைத்துச் செல்வார். அந்த மகனிடம் தந்தை சொன்னார். மகன் தம் மகனுக்குச் சொன்னார். பேரர் வழியாக அறிஞர் ஸுஹ்ரிக்கும், அவர் வழியாக நூல்களுக்கும் வந்து சேர்ந்தது. பழம் கனிந்திருந்ததையும், நாளை நாளை என்றதையும், பொய் தேடியதையும், சுவரேறி அழுததையும் ஒரு தந்தை தம் பிள்ளையிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார்.

இனி என் கணக்கு. என் சக ஆசிரியரிடம் அன்று சமாளித்ததற்குக் காரணம் உண்டு.

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு விடுமுறைக் கட்டுரைகள் கொடுத்திருந்தேன். பள்ளி திறந்த நாளில் ஒன்பது பேர் கொண்டுவரவில்லை. எட்டுப் பேர் காரணம் சொன்னார்கள். ஊருக்குப் போனோம், நோட்டு நனைந்துவிட்டது, தம்பி கிழித்துவிட்டான். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு ஒரு வாரம் தவணை கொடுத்தேன். ஒன்பதாவது பையன், "செய்யல ஐயா. ஞாபகம் இருந்துச்சு. பட்டம் விட்டுக்கிட்டே இருந்துட்டேன்," என்றான். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பில் எனக்குச் சினம் வந்தது. அவனைக் கடைசி மேசையில் தனியே உட்காரவைத்து, யாரும் அவனுடன் பேசக்கூடாது என்றேன். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. பயிற்சிக் கழகத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், ஒரு தண்டனை எப்போது முடியும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று. நான் சொல்லாததோடு, மறந்தும் போனேன். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துத்தான் அவன் இன்னும் அதே மேசையில் இருப்பதைக் கவனித்தேன். கஅபின் வரலாற்றில் நபிகளார் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நான் பார்க்கவே இல்லை.

அடுத்த தவணை விடுமுறைக்குப் பிறகும் அவன் கட்டுரை கொண்டுவரவில்லை. இம்முறை அம்மா எழுதியதாக ஒரு கடிதம் நீட்டினான். வயிற்றுவலி என்று இருந்தது. எழுத்து அவனுடையது. ஆண்டு முழுவதும் அவன் நோட்டைத் திருத்துகிறவனுக்கு அது தெரியாதா? தெரிந்தது. ஒன்றும் பேசாமல் அதை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, அவனுக்கும் ஒரு வாரம் தவணை கொடுத்தேன். அவன் நண்பர்களோடு போய் உட்கார்ந்தான்.

அவனுடைய அக்காள் மகள் இப்போது எங்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவன் பக்கத்து ஊரில் மோட்டார் சைக்கிள் பட்டறை ஒன்றில் வேலை செய்வதாக அவளை அழைத்துப்போக வந்த தாயார் சொன்னார். சொன்னது ரஜப் மாதத்தில். பட்டறை என் வீட்டிலிருந்து இருபது நிமிடம். கடந்த வாரம் போயிருக்கலாம். அதற்கு முந்தைய வாரமும் போயிருக்கலாம். சனிக்கிழமை காலையில் போவதாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். என் மோட்டார் சைக்கிளுக்கும் எண்ணெய் மாற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டுப் பேருந்தில் போவது என்று முடிவு செய்திருக்கிறேன். வண்டியோடு போனால், எண்ணெய் மாற்ற வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி விடுவேன்.